பிரித்துப் பார்த்த பெருமகன்

கோயமுத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்துக் கலங்கல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் கோபால்சாமி நாயுடு என்னும் உழவர் இல்லத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தனர். பின்னாளில் ஜி. டி. நாயுடு என்று தமிழகமெங்கும் பேசப்பட்ட பெரியவர் இவரே. பள்ளிப் படிப்பை முடிக்காத இவர் ஒரு தொழிற்கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தார். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்ததில் தொடங்கிய இவரது வாழ்க்கை, ஒரு நகரத்தின் தொழில் வாழ்வையே மாற்றி அமைத்தது.

நம் மலருக்கு மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டபோது என் நினைவில் முதலில் வந்தவர் இவர்தாம். கவிஞரையும் தலைவரையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நானோ இயந்திரப் பொறியியல் பயில்பவன். தாணேயில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் மின்ரயிலில் நசுங்கி வகுப்புக்கு வருபவன். கை அழுக்கான ஒருவரைப் பற்றி எழுதுவதே எனக்குப் பொருந்தும்.

சிறுவன் துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் வேப்பங்காய். ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவிட்டான் என்று ஒரு கதை கோவைப் பக்கத்தில் வழங்குகிறது. கதை எப்படியோ போகட்டும்; தொடக்கப் பள்ளிக்கு மேல் அவர் படிக்கவில்லை என்பது உண்மை. பையனைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பினர். தமிழ் நூல்களைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறினார். படிப்பின்மேல் வெறுப்பில்லை, பெஞ்சின்மேல் உட்காருவதில்தான் வெறுப்பு. இந்த வேறுபாட்டை நம் பெற்றோர் பலர் இன்றும் உணர்வதில்லை.

ஒருநாள் அந்தப் பட்டிக்காட்டுச் சாலையில் வருவாய்த்துறை அதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டி இங்கிலாந்து நாட்டு ரட்ஜ். மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிப்பதும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது! ஊரார் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போயினர். துரைசாமி கலையவில்லை. அது எதனால் ஓடுகிறது என்னும் கேள்வி அவர் நெஞ்சில் ஆணிபோல் அறைந்துவிட்டது.

வண்டி வாங்கப் பணம் வேண்டும். கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்கு அமர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, காசு மேல் காசு சேர்த்தார். இப்படிச் சில ஆண்டுகள் ஓடின. 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியையே தேடிப்போய் அவரிடமிருந்தே அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். அந்த நாளில் 300 ரூபாய் என்றால் ஓர் ஏழைக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் உண்டு வாழலாம். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வரத்தானே எவரும் விரும்புவர்? இவர் அதைத் திருகு திருகாகக் கழற்றித் தரையில் பரப்பினார். பிறகு மீண்டும் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். எந்தத் துண்டு எதைத் தள்ளுகிறது, எது எதை இழுக்கிறது என்று கை அறியும் வரையில் இதைச் செய்தார்.

இங்கே ஒரு செய்தியைக் குறிக்காமல் போக மனம் வரவில்லை. 1912ஐ ஒட்டிய அந்தக் காலத்தில்தான் ரட்ஜ் நிறுவனத்தார் ‘மல்டி’ என்னும் புதுமையான வண்டியை வெளியிட்டனர். அதில் பற்சக்கரப் பெட்டி கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு வார்ப்பட்டை ஓடும். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் முன் கப்பியின் இரு தட்டுகளும் நெருங்கும். அதே வேளையில் பின் கப்பியின் தட்டுகள் விலகும். பட்டை தளராமலே வேகம் ஏறத்தாழ இருபது படிகளில் மாறும். 1914ஆம் ஆண்டில் மான் தீவுப் பந்தயத்தில் முதலிடம் பெற்றது இந்த மல்டிதான். இன்று நம் பெண்கள் கியர் மாற்றாமல் ஓட்டிச் செல்லும் ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதே தத்துவம். ஆனால் அங்கே நெம்புகோலின் வேலையை இயந்திரம் தானே பார்த்துக்கொள்கிறது. எஞ்சின் ஆற்றலைத் தருகிறது என்பதைக் குழந்தையும் அறியும். அந்த ஆற்றலைச் சக்கரத்துக்கு எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது என்பதில்தான் மோட்டார்க் கலையின் பாதி அடங்கியிருக்கிறது.

நிற்க. நாயுடு அவர்களின் வரலாற்றில் நம் நகரமும் ஒரு பங்கு பெற்றிருக்கிறது. அது பெருமைக்குரிய பங்கு அன்று. முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அவர் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல பணம் வந்தது. பணம் வந்தால் துணிவும் வரும் அல்லவா? அந்நாளில் பருத்தி என்றால் பம்பாய். இங்குள்ள பெருவணிகரோடு போட்டியிட்டுப் பார்க்கலாம் என்று வந்தார். திருப்பூரில் சேர்த்தது முழுவதையும் இங்கே தோற்றார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

செம்பூரிலிருந்து துறைமுக வழி ரயிலில் கோட்டைக்குச் செல்லும் நண்பர்கள் சிவ்ரியைத் தாண்டியதும் காட்டன் கிரீன் என்றொரு நிலையத்தைக் கடக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு யாரும் எதையும் நினைப்பதில்லை. ஒரு காலத்தில் இந்த நகரத்தையே ஆண்ட பண்டத்தின் பெயர் அது. பொதியைக் கண்ணால் காணாமலே வாங்குவதும், கையில் இல்லாததை விற்பதுமாக முன்பேர வணிகம் கொழித்த காலம். ஒழுங்கு குலைந்திருந்த அந்த வாணிகத்தை முறைப்படுத்த 1921இல் ஈஸ்ட் இந்தியா காட்டன் அசோசியேஷன் தோன்ற வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். பருத்தியை விரலால் நீவிப் பார்த்து அதன் தரம் சொல்ல நாயுடுவால் முடிந்திருக்கும். நாளைய விலையை யாரால் நீவிப் பார்க்க முடியும்? பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றில் அவர் கை வைத்தார், கையைச் சுட்டுக்கொண்டார். இது என் கருத்து.

ஊர் திரும்பியவரைத் தாங்கியவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் ஆலைகளும் பள்ளியும் கண்ட ஆங்கிலேயர் அவர். அவருடைய மோட்டார் நிலையத்தில் நாயுடு வேலைக்குச் சேர்ந்தார். இந்த மனிதர் கூலிக்கு மட்டும் உழைப்பவர் அல்லர் என்பதைக் கிழவர் விரைவில் கண்டுகொண்டார். ஒரு பஸ்ஸை வாங்கிச் சொந்தமாக ஓட்டிப் பார் என்று கடனும் கொடுத்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே.

அந்தக் காலத்துப் பஸ்ஸை ஓட்டுவது எளிதன்று. இன்றைய கியர்ப் பெட்டியில் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று எப்போதும் கோத்தபடியே இருக்கின்றன. வேகத்தைச் சமன் செய்யும் வளையங்களும் உண்டு. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் காடிலாக் கார் 1928இல்தான் கொண்டு வந்தது. அதற்கு முன்பு, சுழலும் இரண்டு சக்கரங்களை ஓட்டுநர் தம் காதாலும் காலாலும் ஒத்த வேகத்துக்குக் கொண்டுவந்து பிணைக்க வேண்டும். கிளட்சை மிதித்து, விட்டு, எஞ்சினைச் சற்றே உறுமவைத்து, மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டும். தவறினால் பல் அரைபடும் ஓசை உடுமலைப்பேட்டைக் கடைத்தெரு முழுவதும் கேட்கும்! இப்படி ஓட்டியவருக்கு இயந்திரத்தின் ஓசை ஒரு மொழியாகிவிடும். எந்த முனகல் எந்தக் குறையைச் சொல்லுகிறது என்று அறியாத முதலாளி அந்நாளில் பஸ் தொழிலில் நிலைத்திருக்க முடியாது. வழியில் நின்ற வண்டிக்கு உதிரி உறுப்பு சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் யு. எம். எஸ். நிறுவனம் பிறந்தது. 1933 அளவில் 280 பஸ்கள் அவரிடம் ஓடின என்பர். எண்ணிக்கையைவிட அவற்றின் ஒழுங்கே பேசப்பட்டது. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் பஸ் என்பது அக்காலப் பயணிக்குப் புதுமை. வண்டி கெட்ட பிறகு பழுது பார்ப்பது ஒரு வகை. கெடுமுன் கண்டுபிடிப்பது மற்றொரு வகை. நாயுடு இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

இந்த இரண்டாம் வகை என்பது என்ன என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை. தாணேயில் கண்டேன். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல நண்பர்கள் இசைவு தரவேண்டும்.

தாணே என்றால் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து முதல் பயணி ரயில் வந்து நின்ற ஊர் என்று வினாடி வினாவுக்குப் படித்திருப்போம். அங்கே வாக்ளே தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. நடத்துபவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறு வயதிலேயே தாராவிக்கு வந்து தொழில் கற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சென்ற கோடை விடுமுறையில் அவரிடம் நான் விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தேன். சம்பளம் இல்லை, மூன்று வேளை தேநீர் உண்டு.

அங்கே ஒரு பழைய செவர்லே இம்பாலா வந்தது. ஒரு காலத்தில் பம்பாயின் திரைப்பட நடிகர்களும் சேட்டுகளும் பவனி வந்த நீளமான அமெரிக்கக் கார். அதன் சொந்தக்காரர் அதை நேர்கோட்டுப் பந்தயத்துக்காக மாற்றி அமைத்திருந்தார். வளைவு இல்லாத ஓடுதளத்தில், நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் கடப்பது என்பதே அந்தப் பந்தயம். லோணாவளா அருகே ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் இத்தகைய பந்தயங்கள் நடந்ததுண்டு. தமிழகத்தில் சோழவரத்தின் பழைய போர்க்கால ஓடுதளம் பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது.

அந்த இம்பாலாவில் இருந்தது பவர்கிளைடு என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டி. செவர்லே நிறுவனத்தார் 1950இல் அறிமுகப்படுத்தியது. இரண்டே கியர்கள். சாலையில் ஓட்டுவதற்கு அதை யாரும் இன்று விரும்ப மாட்டார்கள். பந்தயக்காரர்களோ இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். எடை குறைவு, உறுதி மிகுதி, ஓட்டத்தில் ஒரே ஒரு முறைதான் கியர் மாறும் என்பவை காரணம். இதில் எஞ்சினையும் பெட்டியையும் இணைப்பது எண்ணெய். ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு மேசை விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் சுழலும் அன்றோ? காற்றுக்குப் பதிலாக எண்ணெய். இடையே எண்ணெயைத் திருப்பிவிடும் ஒரு சிறு சக்கரம். ஃபாட்டிங்கர் என்னும் ஜெர்மானியர் 1905இல் கப்பல்களுக்காகக் கண்ட ஏற்பாடு இது. அதன் பின்னால் ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் போல ஒரு பற்சக்கரக் கூட்டம். ஓர் இரும்புப் பட்டை இறுகிப் பிடித்தால் முதல் கியர். பட்டை விட்டு, கிளட்ச் தகடுகள் அழுந்தினால் இரண்டாம் கியர். இரண்டையும் செய்விப்பது எண்ணெயின் அழுத்தம்.

குறை இதுதான். வண்டி அம்பு போலப் புறப்படும். இரண்டாம் கியர் விழும் நேரத்தில் எஞ்சின் அலறும், வண்டி முன்னேறாது. முன்பே வேறோர் இடத்தில் பெட்டியைத் திறந்து கரிந்த தகடுகளை மாற்றிப் புதியன போட்டிருந்தார்கள். இரண்டு ஓட்டம் ஓடியதும் புதியனவும் கரிந்தன. முழுப் பெட்டியையும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துவிடலாம் என்ற முடிவுக்குச் சொந்தக்காரர் வந்திருந்தார். அதற்கு ஆகும் தொகையில் நம்மில் ஒருவர் நான்காண்டுப் படிப்பையும் முடித்துவிடலாம்.

அண்ணாச்சி உடனே திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. அளவுக் கம்பியை உருவி எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்தார். அளவு சரி, நிறம் கறுப்பு, கருகிய வாடை. பிறகு வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். புறப்படும் வேகம் குறையவில்லை என்றால் எண்ணெய் விசிறியும் பம்பும் நலமாக இருக்கின்றன. பின்னோக்கும் சரியாக ஓடுகிறது. ஆகவே குறை இரண்டாம் கியருக்கு எண்ணெய் செல்லும் வழியில் எங்கோ இருக்கிறது என்றார். அழுத்தமானியைப் பொருத்தினார். முதல் கியரில் முள் நிமிர்ந்து நின்றது. இரண்டாம் கியர் விழுந்ததும் சரிந்தது. தகடு தேய்ந்தது மட்டும் காரணமானால் முள் சரியாது. எண்ணெய் எங்கோ கசிகிறது.

அந்த வழியில் எண்ணெய் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று கிளட்ச், மற்றொன்று, முதல் கியர்ப் பட்டையை விடுவிக்கும் பிஸ்டன். எதில் கசிவு? பெட்டியை இறக்கி, எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொன்றாகக் காற்றைச் செலுத்தினார். பட்டையின் பிஸ்டன் ‘டப்’ என்று நகர்ந்து நின்றது. கிளட்ச் துளையிலோ பாம்பு சீறுவது போன்ற ஓசை. கிளட்ச் உருளையைப் பிரித்தால், பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் உதடு ஓரிடத்தில் கீறியிருந்தது. வளையமோ புதியது!

இந்த இடத்தில் புது வளையம் போட்டு மூடியிருந்தால் மூன்றாம் முறையும் தகடு கரிந்திருக்கும். அண்ணாச்சி வளையத்தை விட்டுவிட்டு உருளையின் உள்விளிம்பில் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நகம் தடுக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. பிஸ்டனை உள்ளே அழுத்தும்போதெல்லாம் அதுதான் ரப்பரை அறுத்திருக்கிறது. மென்மையான சாணைக்கல்லால் அதைத் தேய்த்து வழவழப்பாக்கினார். புது வளையத்துக்கு எண்ணெய் தடவி, மெல்லிய தகட்டால் உதட்டை உள்ளே மடித்து வைத்து, குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல இறக்கினார். தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து பூட்டினார். அழுத்தமானியின் முள் இம்முறை சரியவில்லை. ஆயிரக்கணக்கில் ரூபாய் தின்ற குறை ஒரு நகக்கண் அளவுதான்.

கெட்டதை மாற்றுவது வேலை. ஏன் கெட்டது என்று கேட்பது அறிவு. நாயுடு அவர்கள் வாழ்நாள் முழுவதும் செய்தது இந்த இரண்டாவதைத்தான் என்பதை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் அது ஏன் இவ்வாறு இருக்கிறது, ஏன் இவ்வளவு விலை, ஏன் நம் ஊரில் செய்யக்கூடாது என்று கேட்டார். மேனாடுகளுக்குச் சென்றபோதும் இதே கேள்விதான். 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். படக்கருவிக்குத் தொலைவைச் சரிசெய்யும் கருவியையும் உருவாக்கினார். மின்கல விசையால் ஓடும் ‘ரேசண்ட்’ என்னும் சவரக் கருவி, மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப் பதிவுப் பொறி என்று பட்டியல் நீளும். சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றவருக்கு வாக்குப் பதிவில் அக்கறை பிறந்ததில் வியப்பில்லை! 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவிலேயே முதலாவதான மின்மோட்டாரைச் செய்து காட்டினார். இன்று கோவை என்றால் பம்பும் மோட்டாரும் என்று நாடெங்கும் சொல்வதற்கு அங்கே விதை விழுந்தது. 1941இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். வேளாண்மையையும் விடவில்லை. பருத்தி, சோளம், பப்பாளியில் புது வகைகளை வளர்த்தார், சர் சி. வி. இராமனும் விசுவேசுவரையாவும் அவர் பண்ணையைக் கண்டு சென்றனர். காலையில் கடைக்கால் தோண்டி மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்ததையும் கோவை மக்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

1944இல் மோட்டார்த் தொழிலின் நேர்ப் பொறுப்பிலிருந்து விலகி, அறப்பணிக்கும் ஆராய்ச்சி மாணவர் உதவிக்கும் பொருளை ஒதுக்கினார். அடுத்த ஆண்டு நடந்ததுதான் நம் போன்ற மாணவர் சிந்திக்க வேண்டிய பகுதி.

1945இல் கோவை அவிநாசி சாலையில், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அதற்குப் பொருளும் உழைப்பும் தந்து, முதல்வர் பொறுப்பையும் ஏற்றவர் நாயுடு. பொறுப்பேற்றதும் ஒரு குண்டைப் போட்டார். பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் எதற்கு? பட்டறையில் நிறுத்திக் கற்பித்தால் இரண்டே ஆண்டுகள் போதும். மீதி ஆண்டுகள் இளைஞரின் வாழ்வில் வீண் என்றார். அரசினர் ஏற்கவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. பதவியைத் துறந்து வெளியேறினார்.

இந்த வழக்கில் தீர்ப்பு என்ன? நம் விடுதியில் இதைப் பற்றி இரவு முழுவதும் வாதிட்டிருக்கிறோம். ஒரு சாரார் நாயுடு சொன்னது முற்றிலும் சரி என்கின்றனர். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கியர்ப் பெட்டியின் படத்தை வரைந்து நூற்றுக்கு எண்பது வாங்குகிறான். உண்மையான பெட்டியைத் தொட்டதே இல்லை. இதை யார் மறுக்க முடியும்? எனினும் நான் முழுவதும் அவர் பக்கம் சாயவில்லை. அந்த இம்பாலாவின் முதல் கியர் விகிதம் 1.82 என்று ஏட்டில் போட்டிருந்தது. சக்கரங்கள் ஒன்றையொன்று சுற்றும் அந்தக் கூட்டத்தில் இந்த எண் எப்படி வருகிறது என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். பற்களை எண்ணி, வகுப்பில் கற்ற சமன்பாட்டில் இட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முப்பது ஆண்டாக இதைப் பிரித்துப் பூட்டுகிறேன், இன்றைக்குத்தான் இது தெரிந்தது என்று அவர் மகிழ்ந்தார். நகம் கண்டுபிடிக்கும் பிசிறு ஒன்று. கணக்குக் கண்டுபிடிக்கும் உண்மை மற்றொன்று. புதிதாக ஒரு பெட்டியை வரைய வேண்டுமானால் கணக்கு வேண்டும். கணக்குக்கு ஆண்டுகள் வேண்டும். நாயுடு போன்ற மேதைக்கு இரண்டு ஆண்டும் மிகுதி. நம் போன்றோருக்கு நான்கும் போதாது! ஆனால் அந்த நான்கில் ஓர் ஆண்டையாவது அண்ணாச்சி கொட்டகையில் கழிக்கவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாதுங்காவில் பயிலும் நண்பர்கள் இதற்கு மறுப்பு எழுதினால் அடுத்த மலரில் வரவேற்பேன்.

அவருடைய வாழ்வில் வெற்றிகள் வந்த அளவுக்குக் கதவுகளும் மூடின. 1952இல் இரண்டு பேர் செல்லக்கூடிய சிறிய பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய் என்றார். அப்போது 1951ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. எதைச் செய்வதற்கும் அரசின் உரிமம் வேண்டும். நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. இங்கே நம் குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலை இத்தாலிய ஃபியட் காரைச் செய்ய உரிமம் பெற்றது. அதன் வழிவந்த பத்மினி டாக்சிகள் 2023 வரையில் இந்நகரத் தெருக்களில் ஓடின. கலங்கலில் பிறந்தவர் செய்த கார் ஒரு தெருவிலும் ஓடவில்லை. அந்தக் காரில் என்ன குறைகள் இருந்திருக்கும், ஓட்டினால் திருந்தியிருக்குமா என்பதை அறியும் வாய்ப்பையே நாடு இழந்தது. ஓடாத வண்டியின் பழுதை எந்த அண்ணாச்சி கண்டுபிடிப்பார்? வரிச்சுமையையும் உரிமக் கெடுபிடியையும் கண்டித்து, தாம் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் தாமே உடைத்து நொறுக்கினார் நாயுடு. நண்பர்கள் பலர் அதை விரும்பவில்லை. எனக்கும் அது உவப்பாக இல்லை. செய்த கை உடைப்பதைக் காண எந்தத் தொழிலாளிக்கும் நெஞ்சு பொறுக்காது. ஆனால் அவ்வாறு செய்யும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1967இல் தொழிற் பொருட்காட்சி ஒன்றை நிலையாக அமைத்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், எண்பதாம் வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற கல்லூரி பிறகு தடாகம் சாலைக்கு இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்துவிட்டது. ஆனால் அவிநாசி சாலையில் அது முதலில் இருந்த இடத்துக்கு இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் பெயர். பஸ் நடத்துநர்கள் அப்படித்தான் கூவுகிறார்கள். ஆளுநர் பெயர் நிலைத்துவிட்டது. நிறுவியவர் பெயர் பல்லாண்டுகள் அங்கே இல்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தச் சாலையின்மேல் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலத்தைத் தமிழக அரசு திறந்தது. அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது ஹோப் காலேஜ் நிறுத்தத்தின் தலைக்கு மேலே செல்கிறது. விடுமுறைக்குக் கோவை வழியாக ஊர் செல்லும் நண்பர்கள் பாலத்தின் மேலே பறந்துவிடாமல் கீழ்ச்சாலையிலேயே சென்றால், அதே அவிநாசி சாலையில் அவர் குடும்பத்தார் அமைத்துள்ள மோட்டார் கார் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.